சரிவுக்கு அந்தப் பக்கம்

தேவிகுளத்துக்கு ஏறும் குதிரைப் பாதை இங்கே அறுந்து கிடக்கிறது. அடைமழையில் சரிந்த மலை இன்னும் அடங்கவில்லை. காற்று வேகமெடுக்கும் போதெல்லாம் மேலே மரங்கள் ஆடுகின்றன. முதலில் சிறு கற்கள் உருள்கின்றன, பின்னாலேயே சேறும் பாறையும் இரைந்துகொண்டு இறங்குகின்றன.

என் பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பேச்சியம்மாள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டு இப்போதுதான் திரும்புகிறாள். சரிவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் நிற்கிறான். கூப்பிட்டால் குரலைக் காற்று கொண்டுபோய்விடுகிறது.

"மூணு நாளா இப்பிடித்தான் நிக்கிறோம். அவுக இன்னும் பிள்ளை மொகத்தப் பாக்கலய்யா," என்கிறாள். "நீங்க நெட்டையா இருக்கீக. கொஞ்சம் தூக்கிக் காட்டுவீகளா?"

கம்பளியோடு குழந்தையை வாங்கித் தலைக்கு மேல் உயர்த்துகிறேன். அந்தப் பக்கம் அவள் புருஷன் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டுகிறான். அதற்குள் மலை மறுபடியும் சரிகிறது. மேலிருந்து மஞ்சும் இறங்கி அவனை மறைத்துவிடுகிறது.

"இறக்கிராதீகய்யா," என்கிறாள்.

என் கை கடுக்கிறது. மஞ்சு விலகும்போது அவன் அதே இடத்தில்தான் நிற்கிறான், பிள்ளையை வாங்கப் போகிறவன்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.