உடைந்த ஃபைபருக்கு ஒரு பட்டறை

உடைந்த ஃபைபர் சாமானை வெட்டி ஒட்டி வேறொன்றாக்கும் தொழிலில், முதலில் கைக்கு வருவது அரிப்புதான். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர் டேங்க், பஸ் பம்பர், கூரைத் தகடு எல்லாம் வரும். கண்ணாடி நூலைப் பசையில் தோய்த்துச் செய்தவை. உருக்க முடியாது, எரித்தால் ஊரே இருமும். யாருக்கும் வேண்டாததோடு பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

லொறி எடுக்காதது

வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பழைய இரும்பு லொறி வந்தபோது, சும்மாவே தருகிறேன் என்றேன். டிரைவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், மூட்டையைத் தொடக்கூட இல்லை.

"இரும்புன்னா உருக்கலாம், போத்தல்னா அரைக்கலாம். இத என்ன செய்ய? நீங்களே வச்சிக்கங்க தம்பி."

கொழுந்துக்குள் முள்

யாரோ பம்பர் துண்டுகளைத் தேயிலை மலையில் கொட்டிவிட்டார்கள். வெயிலும் மழையும் பட்டு, நூல்நூலாகப் பிரிந்து செடிகளில் சிக்கிக்கொண்டன. கொழுந்தெடுத்த பெண்கள் கை சிவந்து வீங்கி என் பட்டறைக்கு வந்தார்கள். கொட்டியது நானில்லை, ஆனால் ஊருக்கு ஃபைபர்காரன் நான் ஒருவன்தானே. டேப்பை ஒட்டி உரித்து எடுத்தேன். ஆழமாக இறங்கியது வரவில்லை. மறுநாளும் அதே கையோடு மலைக்குப் போக வேண்டியவர்கள். செல்லம்மா அக்கா உள்ளங்கையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அட்டைன்னா உப்பு போட்டா விழுந்திரும். இதுக்கு என்னத்தப் போடுறது?"

டேங்க் கூரை

டயகமப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமொன்றில், காற்றில் ராஜேஸ்வரி அக்காவின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. உள்ளே மகளும் அவளுடைய பச்சைக் குழந்தையும். பழைய டேங்க்குகளைப் பிளந்து, விளிம்புக்குப் பசை பூசி, அறைக்கு மேல் கவிழ்த்துக் கட்டினேன். அன்றைய மழையில் குழந்தை நனையாமல் தூங்கியது.

"இது எப்ப தம்பி மக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"மக்காதுக்கா. அதானே இதோட தொல்லையே."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப சரி. அரசாங்கம் தர்றோம்னு சொன்ன புது வீடு வர்ற வரைக்கும் தாங்கும்."

முருகேசு

என்னோடு வெட்டு வேலை பார்த்தவன் முருகேசு. தண்ணீர் ஊற்றி வெட்டினாலும் தூசி அடங்காது. மூடுபனிக்குப் பயந்து கதவைச் சாத்தினால் பட்டறையே வெளுத்துவிடும். அவனுக்கு இருமல் விடவேயில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இனிமேல் தூசி வேலையே கூடாது என்றுவிட்டார். மறுநாள் வந்தான். வெட்டும் மெஷினைத் துடைத்து வைத்தான். பிளேன்டீ குடித்துவிட்டுப் போ என்றேன். வேண்டாமென்று தலையாட்டி, மூச்சு வாங்க வாசலில் நின்றான்.

"மாஸ்க்க ஆணியில மாட்டியிருக்கேண்ணே. நீங்களாவது ஒழுங்கா போடுங்க."

எந்த உடைசலுக்கும் மறுபிறவி கொடுத்துவிடுகிற தொழில்தான் இது, செய்கிறவனுக்கு மட்டும் ஒட்டுப் போடத் தெரியவில்லை.