வெள்ளைச் சோறு

அம்மா இறந்த பிறகு தம்பியைத் தோட்டத்து வீட்டிலிருந்து பாடாங் செராயில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவனுக்கு வயது இருபத்தைந்து. ஆட்டிசம் உள்ளவன். அதுவரை அம்மாதான் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுப்பார். அதில் என்ன கலந்தார், எப்படிச் சாப்பிட வைத்தார் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது.

என் வீட்டில் அவன் வெள்ளையாக இருப்பதை மட்டுமே தொட்டான். வெறும் சோறு, ஓரம் நீக்கிய ரொட்டி, முட்டையின் வெள்ளைக்கரு. குழம்பு ஒரு சொட்டு பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். வற்புறுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். வயிறு நிறையச் சாப்பிடுகிறானே, அது போதும் என்று இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, முதலில் அவன் நடை மாறியது. தினமும் கோயில்வரை நடந்தே தீருபவன், பாதி வழியில் ரோட்டோரம் உட்கார ஆரம்பித்தான்.

“கால் வலிக்குதாடா?”

“வலிக்குதாடா,” என்றான்.

“வலிக்கலையா?”

“வலிக்கலையா.”

கேட்டதையே திருப்பிச் சொல்வது சிறு வயதிலிருந்தே அவன் வழக்கம். அதில் எது உண்மை என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

பிறகு பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. கிளினிக்கில் ஈறுக்கு மருந்து தந்தார்கள். அடுத்த வாரம் அவன் தொடையின் பின்பக்கம் நாவற்பழ நிறத்தில் பெரிய திட்டுகளைப் பார்த்தேன். தொட்டதும் துள்ளி விலகினான். அவன் எங்கும் விழவில்லை.

துணி துவைக்க, கடையில் சாமான் வாங்கப் பழக்கும் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு அவன் போய்க்கொண்டிருந்தான். அங்கிருந்த டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, அவரு தொடையில இருக்கிறது என்னா?”

“தெரியல டீச்சர். எங்கயும் விழல.”

“விழாம எப்படிக்கா? வீட்ல வேற யாரு இருக்கா?”

“நானும் அவனும்தான்.”

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது: இங்கேதான் யாராவது அடிக்கிறார்களோ? இருவரும் அதைச் சொல்லாமலே பிரிந்தோம். அதற்குப் பின் தம்பி கத்தும்போதெல்லாம் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஒரு காலையில் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அலோர் ஸ்டாரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, எப்படி அடிபட்டது என்று என்னிடம் கேட்டார்கள். குரல்கள் மென்மையாகத்தான் இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. தம்பியை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

கடைசியாக வந்த தமிழ் டாக்டரம்மா அவன் உதட்டை மெல்ல விலக்கி ஈறைப் பார்த்தார். ஊதாவாக வீங்கியிருந்தது.

“இவரு என்னா சாப்பிடுவாரு?”

“சோறு, ரொட்டி, முட்டை வெள்ளை.”

“பழம், காய்கறி?”

“தொடவே மாட்டான் டாக்டர். அம்மா போனதிலேர்ந்து இப்படித்தான்.”

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அவரே வந்து சொன்னார். “யாரும் அடிக்கல லா. வைட்டமின் சி உடம்புல சுத்தமா இல்ல. அதான் உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியுது. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து.”

வேளை தவறாமல் நான் தட்டை நிரப்பினேன். அவன் என் கண்ணெதிரிலேயே பட்டினியால் சிதைந்துகொண்டிருந்தான்.

ஊசியில் தேறினான். சில வாரங்களில் நடந்தான். ஆனால் பழைய சாப்பாட்டுக்கே போனால் இது திரும்பி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாத்திரையோ ஆரஞ்சு நிறம், துப்பிவிட்டான். பாசாரில் பழக்கடைகளில் தேடித் தேடிக் கடைசியில் வைட்டமின் சி நிறைந்த கொய்யாவை எடுத்தேன். தோல் சீவி விதை நீக்கினால் அதுவும் வெள்ளைதான்.

முதலில் முகர்ந்துவிட்டு வைத்துவிட்டான். நான் வெட்டியதை அவன் தொடவே இல்லை. கத்தியைத்தான் கேட்டுக் கை நீட்டினான். கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைச் சந்தேகித்த அதே டீச்சர்தான், காரணம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து பக்கத்தில் நின்றார்.

“விரல மடக்கி வச்சிக்கணும்.”

“மடக்கி வச்சிக்கணும்,” என்றான் தம்பி. மடக்கி வைத்துக்கொண்டான். முதல் துண்டை வாயில் போட்டு மென்றான்.

மூன்றாம் தடவை கத்தி விரலில் லேசாகக் கீறியது. சிவப்பைப் பார்த்ததும் கத்தியை வீசிவிட்டான். பல நாள் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. அந்த நாட்களில் அவன் தூங்கும்போது கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், புதிய திட்டு ஏதும் வந்திருக்கிறதா என்று. ஒரு மத்தியானம் அவனாகவே திரும்பிப் போய் கத்தியை எடுத்தான். பிறகு ரைஸ் குக்கரில் சோறு வைக்கவும் முட்டை அவிக்கவும் கற்றுக்கொண்டான்.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். தலையைத் தூக்க முடியவில்லை. மத்தியானம் தம்பி வாசலில் நின்று என்னைப் பார்த்தான். சமையலறைக்குப் போனான். அரிசி கழுவும் சத்தம் கேட்டது. பிறகு பலகையில் கத்தி விழும் சத்தம். திடீரென்று அது நின்றது. கூப்பிட்டேன். எழ முயன்றேன், கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம் தட்டில் கரண்டி படும் சத்தம் வந்தது. சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அது அவனுக்குத் தோன்றியிருக்காது. பசியோடு போர்வைக்குள் கிடந்தேன். அம்மா போனதிலிருந்து அன்றுதான் கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.