குடத்துக்கு வைத்த துண்டு

ஜூஜுவாடியில் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஷெட்டில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் செய்கிறார்கள். பெங்களூர்ப் பக்கத்து பங்களாக்களுக்கும் சர்ச்சுகளுக்கும் அவை போகும். எட்டு வருஷமாக வீரலட்சுமிக்கு அங்கே ஒரே வேலை. வெட்டி வரும் கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தில் செம்பு டேப் சுற்றி, நம்பர் பார்த்து, மேஜையில் விரித்த படத்தின்மேல் அடுக்குவாள். அடுத்த மேஜையில் வேலை செய்யும் சாந்தம்மா இடுக்குகளில் ஈயம் உருக்கி ஒட்டுவாள். ஜன்னல் படுத்தபடியே உருவாகி, படுத்தபடியே லாரி ஏறிவிடும். அது நிமிர்ந்து நின்று வெயில் வாங்குவதை இருவரும் பார்த்ததில்லை.

ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வீரலட்சுமிக்கு முதல் வருஷத்திலிருந்தே ஆசை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது. மாட்டிய ஜன்னலின் போட்டோ சூப்பர்வைசர் ஹரீஷ்குமாரின் போனுக்கு வரும். இவள் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் போனைப் பையில் போட்டுவிடுவார்.

மாசியில், அத்திப்பள்ளி தாண்டி ஒரு சர்ச்சுக்கு வேலை வந்தது. கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண். டேப்பை அழுத்தித் தேய்க்கும்போது குடத்தின் வயிற்றுத் துண்டு வீரலட்சுமியின் கையிலேயே விரிசல் விட்டது. அந்தத் தேன் நிறத்தில் வேறு தகடு இல்லை. சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கழிவுப் பெட்டியைக் கிளறி, அதே நிறமாகத் தெரிந்த ஒன்றைத் தேய்த்து அளவாக்கி வைத்துவிட்டாள். வாசல் வெயிலில் காட்டாமல் நிறம் சேர்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். டியூப்லைட்டில் ஒன்றுபோல இருப்பது வெயிலில் வேறாகிவிடும். ஆனால் துண்டோடு வாசலுக்குப் போனால் ஏன் என்று கேட்பார்களே. சாந்தம்மா பார்த்தாள். அதைச் சுற்றியும் ஈயம் வைத்தாள்.

ஜன்னல் போய்விட்டது. அன்றிலிருந்து ஆசையோடு பயமும் சேர்ந்துகொண்டது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தம்மாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சர்ச்சின் பக்கச் சுவரில் உயரத்தில் ஜன்னல் இருந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் அடித்தது. கண்ணாடி கறுத்துக் கிடந்தது. பெண்ணும் இல்லை, குடமும் இல்லை.

“இதப் பாக்கவாடி என்னைய எழுப்பிக் கூட்டியாந்த? தோசக்கல்லாட்டம் இருக்குது.”

“நான் வச்ச துண்டுதான்க்கா எல்லாத்தையும் கெடுத்துருச்சு போல.”

ஒரு துண்டு எப்படி மொத்த ஜன்னலையும் கறுப்பாக்கும் என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. தயங்கி நின்ற இருவரையும் வாட்ச்மேன் கன்னடத்தில் உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே தரையெல்லாம் நிறம். நீலத்தின்மேல் செருப்பில்லாத தன் கால்கள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வீரலட்சுமி தலையைத் தூக்கினாள். ஜன்னல் முழுக்க வெளிச்சம். குடம் தேன் நிறமாக இல்லை. சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோலச் சிவந்திருந்தது.

சாந்தம்மா வெகுநேரம் பார்த்தாள். “நெசக் கொடமாட்டம் இருக்குதுடி. வுடு.”

பயம் விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. சர்ஜாபுரத்து பங்களாவின் மாடிப்படிக்கு அவள் டேப் சுற்றிய மயில், யாரோ டாக்டர் வீட்டுப் பூஜை அறைக்குப் போன தாமரை, எட்டு வருஷத்து ஜன்னல்கள் அத்தனையும் இந்நேரம் இப்படித்தான் எரிந்துகொண்டிருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். “அக்கா, சர்ஜாபுரத்துக்கு எந்த பஸ்ஸு?”

“மயிலு வூட்டுக்கா? கேட்டுலயே வாட்ச்மேன் நிறுத்திடுவான்.”

“ரோட்டுல இருந்து பாத்துக்கிறேன்க்கா.”

ரோட்டிலிருந்து வெறும் கறுப்புதான் தெரியும் என்பது வீரலட்சுமிக்கும் இப்போது தெரியும். ஆனாலும் வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்தாள்.