வித்துட்ட நாயைப் பத்தி ஒரு பேச்சு

இன்னிக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பேச்சுத் தேர்வு. குரலுக்கு, உச்சரிப்புக்கு, கண்ணைப் பாத்துப் பேசுறதுக்குன்னு தனித்தனியா நான் மார்க் போடணும்.

தலைப்பு, 'எங்கள் வீட்டு நாய்'. ராஜபாளையத்துல வேற என்னத்தக் குடுக்க!

கடைசியா ஒரு பொண்ணு வந்தா.

"எங்க நாய் வீட்டாளுக யாரப் பாத்தும் உறுமாது. சித்தப்பாவப் பாத்தா மட்டும் உறுமும். அவரு தங்குற அன்னிக்கு என் ரூம் வாசல்ல குறுக்க படுத்துக்கிடும். நேத்து அவரே அதை வித்துட்டாரு."

கிளாஸே கைதட்டுச்சு. அவ என் கண்ணை மட்டும் பாத்துக்கிட்டு நின்னா.

ஸ்கூல் விட்டும் அவளை வீட்டுக்கு அனுப்பல. என் பக்கத்துலயே உக்கார வச்சிருக்கேன். குழந்தைகள் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டாச்சு, வாரோம்னாங்க.

இப்ப வாட்ச்மேன் வந்து சொல்லுதாரு: "டீச்சர், பாப்பாவக் கூட்டிட்டுப் போக சித்தப்பா வந்திருக்காரு."

உங்க வீட்டு நாய் யாரப் பாத்து உறுமுது? சொல்லுங்க. நாயை மட்டும் வித்துராதீங்க.