இளையவள் தன்னுடையது என்று நினைக்கும் படம்

அந்தப் படத்தில் இருப்பது யாரென்று மகளிடம் எப்போது சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாம்பனில் என் தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்த காலையில், ஸ்டுடியோ வைத்திருந்த அடுத்த வீட்டு அண்ணன் தாமாகவே கேமராவோடு வந்தார். பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாதென்பதால் சன்னலுக்கு வெளியே நின்றார். “பிள்ளைய வெளிச்சத்துக்கு இங்கன கொண்டா தங்கச்சி. காசெல்லாம் வேணாம்” என்றார். அவர் படமெடுக்க, மகளை மடியில் வைத்திருந்த அந்தக் காலையை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு பிறந்தவளைப் படமெடுத்தால் ஆயுசு குறையுமென்று மாமியார் விடவில்லை. இப்போது அவள் அந்தப் படத்தைக் காட்டி, “இது நாந்தானேம்மா? நல்லாத் தூங்குறேன்ல” என்று சிரிக்கிறாள். சொன்னால் பயந்துவிடுவாளோ? சொல்லாவிட்டால் மூத்தவள் பிறந்ததே இல்லையென்று ஆகிவிடுமோ? என்னைப்போல் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.