வெர்னியரோடு வந்த அண்ணாச்சி

பாக்கியத்தம்மாவின் பல்செட் செம்பூர் கிளினிக்கிலிருந்து இரண்டாவது தடவையும் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தாராவியில் எங்கள் டென்டல் லேபுக்குப் புது ஸ்கேனர் வந்திருந்த சமயம். பல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கும் மாடலை அது முடியளவும் பிசகாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும். பிறகு எப்படிப் பொருந்தாமல் போகும்? "அந்தம்மா வாயைச் சரியாத் திறந்திருக்க மாட்டாங்க" என்று டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் அந்த அம்மாவின் கணவர் செல்லையா அண்ணாச்சி லேபுக்கே வந்துவிட்டார். டிராம்பே பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பையிலிருந்து வெர்னியர் காலிப்பரையும் எண்கள் எழுதிய காலண்டர் தாளையும் எடுத்து வைத்தார்.

"தம்பி, அவ வாயில மிச்சமிருக்க ரெண்டு கடைசிப் பல்லுக்கும் நடுவுல எவ்வளவு காட்டுது ஒங்க மெசினு?"

சொன்னேன்.

"வீட்டுல அளந்தா முக்கால் மில்லி கூட வருது. பத்து வாட்டி பாத்தாச்சு."

"வாய்க்குள்ள காலிப்பரா! அம்மா எப்படித் தாங்குனாங்க?"

"பத்து வாட்டியும் வாயை நல்லாத் தொறந்து காட்டுனா. எட்டு மாசமா கொழைஞ்ச சோறுதான் திங்கா. இந்த வாட்டியும் சரிவரலன்னா செட்டே வேண்டாம்னுட்டா, தம்பி."

வரவிருந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளாஸ்டர் மாடலை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை வாங்கி அளந்தார். ஸ்கேனர் சொன்ன அதே எண்.

"மெசின் சரியாத்தான் சொல்லுது. மாடல்லதான் கோளாறு. அச்சு எடுத்து எவ்வளவு நேரங்கழிச்சு ஊத்துனிய?"

அச்சோடு வந்த சீட்டுகளைப் பார்த்தேன். இரண்டு தடவையும் காலையில் எடுத்த அச்சு, சாயங்காலம்தான் லேபுக்கு வந்திருக்கிறது. அந்த அச்சுப் பசை காயக் காயச் சுருங்கும், உடனே ஊற்ற வேண்டும். முன்பெல்லாம் எங்கள் ஆள் அச்சு வாங்கச் செம்பூருக்குத் தினம் மூன்று நடை போவார். ஸ்கேனர் வந்த மிதப்பில் ஒரு நடை போதும் என்றது நான்தான்.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. அம்மாவைக் குத்தம் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சு போச்சுல்லா, விடுங்க" என்று காலிப்பரைத் துடைத்துப் பையில் வைத்தார்.

மூன்று நடை அன்றே திரும்ப வந்தது. மூன்றாவது அச்சுக்கு நானே பிளாஸ்டரோடு கிளினிக் போய், எடுத்த கையோடு ஊற்றினேன். ஸ்கேனர் மாடலைத்தான் அளக்கும். மாடல் வாயைப் போல இருக்கிறதா என்பது நம் பொறுப்பு. இதைக் கற்க எனக்கு இருபத்தைந்து வருஷ சர்வீஸ் போதவில்லை.

செட்டை மாட்டிய அன்றும் போயிருந்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அண்ணாச்சி பையிலிருந்து மாட்டுங்கா கடை நேந்திரங்காய் சிப்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். பாக்கியத்தம்மா மெதுவாக மென்றார்.

"ஏங்க, நமுத்துப் போச்சே. எப்ப வாங்குனது?"

"மொத செட்டு மாட்ட வந்த அன்னைக்கு."

அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு தாங்க" என்று கையை நீட்டினார்.