பன்னிரண்டு வீட்டில் ஒரே தையல் மெஷின்

தெரேத்தியாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், நடப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை லாரிக்குக் காத்திராமல் தன் ஊரான புவாகோனிகாயிலிருந்து நூக்கு வரை மலைப்பாதையில் அவள் நடந்து போனதைப் பார்த்தவர்கள், இன்றைக்கு யாருக்கோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கையில் ஒரு காகிதக் கட்டு. அதில் நாற்பது வீடுகளின் வாழ்வும் தாழ்வும் எழுதியிருந்தது. எழுதியது பொய் என்பது அவளுக்கு முந்தைய நாள்தான் தெரிந்தது.

ராம்பித் தீவில் அவளை அறியாதவர் கிடையாது. பத்தொன்பது வயதில் சுவாவுக்குப் போய், துணி ஆலையில் பதினோரு வருஷம் காலர் தைத்தாள். ஆலையை மூடியபோது, கொடுக்க வேறு ஒன்றும் இல்லாத முதலாளி ஆளுக்கொரு பழைய மெஷினைக் கொடுத்து அனுப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு அவள் ஊர் திரும்பிய வருஷம்தான் தங்கை மேரேக்கு முதல் பிரசவம். வலி எடுத்தவளை லாரியில் ஏற்றி நூக்குவுக்குக் கொண்டுவந்து, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக யாருடைய படகுக்கு எண்ணெய் இருக்கிறது என்று விசாரித்துத் திரிந்து, அலையில் இறக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. குழந்தை படகிலேயே பிறந்தது. அழவில்லை.

அன்றிலிருந்து தெரேத்தியா கடிதம் எழுதினாள். அமைச்சகத்துக்கு, சபைகளுக்கு, வெளிநாட்டு உதவிக்காரர்களுக்கு என்று ஐந்து வருஷத்தில் பதினேழு கடிதம். பதினெட்டாவது எழுதுவதற்கு முன் பதில் வந்தது. நோயாளிகளை ஏற்ற ஒரு படகு தருகிறோம், ஆனால் ஒன்றுதான் இருக்கிறது. ராம்பிக்கா, பக்கத்துத் தீவான கியோவாவுக்கா என்பதை, வீட்டுச் சாமான்களை எண்ணி வசதி குறைந்த தீவு எது என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

இரண்டு தீவு ஜனங்களுமே வேறெங்கிருந்தோ ஃபிஜிக்கு வந்தவர்கள்தான். பனாபா தீவின் மண்ணை உரத்துக்காக வெட்டித் தீர்த்தபோது அங்கிருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி ராம்பியில் இறக்கினார்கள். வைத்துப்பூ தீவுக்காரர்கள் இடம் போதாமல், காசு சேர்த்துக் கியோவாவை வாங்கிக் குடியேறினார்கள். எழுபது எண்பது வருஷமாக அடுத்தடுத்த தீவுகளில் இருந்தும், ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. ராம்பிக்காரர்களுக்கு உரக்காசு வந்துகொண்டே இருக்கிறது என்பது கியோவாவின் நினைப்பு. கியோவாக்காரர்களுக்கு மீனைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது ராம்பியின் நினைப்பு.

தன் ஊருக்குச் சாதகமாக எழுதிவிடக் கூடாது என்று, ஒரு தீவை மற்றத் தீவுக்காரி எண்ணுவதாக ஏற்பாடு. தெரேத்தியா கியோவாவுக்குப் போய் நாற்பது வீடு எண்ணினாள். அங்கிருந்து சுனேமா என்ற ஐம்பது வயதுப் பெண்மணி ராம்பிக்கு வந்தாள். ஒன்பது நாள் நூக்குவில் தங்கி, நான்கு ஊரிலும் எண்ணினாள். படிவங்களை அக்கரையில் சவுசவு நகர அலுவலகத்தில் கொடுக்குமுன் ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்பது கடைசி வேலை.

சுனேமா கண்ணால் பார்த்ததை விடாமல் எழுதுகிறவள். மூன்றாவது வீட்டில் 'தையல் மெஷின் ஒன்று, இடது பக்க மூடி உடைந்து பச்சைக் கம்பியால் கட்டியது' என்று இருந்தது. தெரேத்தியா புன்னகைத்தாள். அந்தக் கம்பியைக் கட்டியவள் அவள்தான். அண்ணன் மனைவி இரண்டு மாசம் முன்பு கேட்டு வாங்கிப்போன மெஷின் அது. ஒன்பதாவது வீட்டிலும் பச்சைக் கம்பி வந்தது. பதினான்கிலும் வந்தது. கடைசிப் பக்கம் வரும்போது பன்னிரண்டு வீட்டில் அதே மெஷின் தைத்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக ஓடாத ஒரு ஃப்ரீஸர் ஏழு வீட்டில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் ராம்பி கியோவாவைப்போல இரண்டு மடங்கு வசதியான தீவு.

மேரே மறுபடி பிள்ளையுண்டாகி இப்போது ஏழு மாசம்.

நூக்குவில் அண்ணன் தெபோவா லாரிக்கு அடியில் படுத்திருந்தான். ஊர்ப் பாதையில் ஓடும் ஒரே லாரி அது. அவனுடைய கால்களைப் பார்த்து அவள் கேட்டாள்.

"மெஷின் எங்கே அண்ணே?"

"எங்கயாவது தைச்சுக்கிட்டு இருக்கும்."

"பன்னெண்டு வீட்ல தைக்குதாம். எழுத்துல இருக்கு."

லாரிக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. பிறகு அவனும் வெளியே வந்தான். ஒன்பது நாளும் சாயங்காலமானால் மறுநாள் சுனேமா போகப்போகிற ஊருக்குச் சாமான்களை ஏற்றிப் போய் இறக்கியதை அவன் மறைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"கியோவாக்காரி வந்து மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்த்து எழுதுவா. நாம வெறுந்தரையக் காட்டணுமா? ஒரு காலத்துல நம்ம ஜனத்துக்கு..."

"அந்தக் காலத்துல நீயும் பொறக்கல, நானும் பொறக்கல."

"சொந்தக்காரங்க புபுத்தின்னு கேட்டாங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு."

புபுத்தி என்ற சொல்லைச் சொல்லி ஒரு சொந்தக்காரர் எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தவனின் பேர் அவன் பிள்ளைகள் காலம் வரை கெட்டுக் கிடக்கும். போன வருஷம் அவளுடைய ஒரே நல்ல குடை அப்படித்தான் போனது.

"படகு யாருக்குன்னு கேட்டுத்தான் இந்தக் கணக்கு அண்ணே. இருக்கிறவங்களுக்கு இல்ல, இல்லாதவங்களுக்கு. நீ லாரியில ஏத்தினது மெஷின இல்ல. மேரேயோட படக."

தெபோவா கையைத் துணியில் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கைதான்.

சுனேமாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாதிரியார் வீட்டு முற்றத்தில் பாய் முடைந்துகொண்டிருந்தவள், கேட்டு முடிக்கும் வரை கையை நிறுத்தவில்லை. பிறகு, ஒன்பது நாள் நண்டும் இறாலும் போட்டது இதற்குத்தானா என்று கேட்டாள். தெரேத்தியா தலையைக் குனியாமல் ஆமாம் என்றாள்.

"என்னை நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க" என்றாள் சுனேமா. "அந்த மெஷின ஆறாவது தடவை பார்த்தப்போ, இந்தத் தீவுல எல்லாரும் ஒரே கடையில ஒரே உடைசல வாங்கியிருக்காங்கன்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை படிவங்களைக் கொடுக்க வேண்டும். மறுபடி எண்ண வேண்டுமானால், எல்லாரும் வீட்டில் இருக்கிற சனிக்கிழமை ஒரு நாள்தான். தெரேத்தியா அதற்கு ஒரு வழி யோசித்திருந்தாள். காலை எட்டு மணிக்கு நான்கு ஊர்க் கோயிலிலும் மணியடிக்க வேண்டும். அந்த நாற்பது வீட்டுக்காரர்களும் வீட்டில் இருப்பதையெல்லாம் வாசலில் எடுத்து வைக்க வேண்டும். எண்ணுகிறவர்கள் வந்து போகும் வரை எதையும் நகர்த்தக் கூடாது. லாரியில் அவளும் சுனேமாவும் இருப்பார்கள். லாரி அவர்களோடு இருந்தால் ஃப்ரீஸர் எப்படி முந்திக்கொண்டு ஓடும்?

புதன்கிழமை மனேயபா என்ற ஊர்க்கூடத்தில் கூடினார்கள். பெரியவர்கள் அவள் பேசுவதைக் கேட்டார்கள், கவா குடித்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். சாமான்களை வீதியில் பரப்பி வைப்பது இழவு வீட்டு வேலை என்றார் ஒருவர். அடுத்த மாசம் பேசலாம் என்றார் இன்னொருவர். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாசம் மேரேக்கு எட்டு முடியும். தெரேத்தியா எழுந்து வெளியே வந்து, முதல் வீட்டில் ஆரம்பித்தாள். நாற்பது வீட்டில் ஏதோ ஒரு வழியில் சொந்தமில்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொன்னாள்: புபுத்தி கேட்டு வந்திருக்கிறேன். என்ன வேண்டும், எடுத்துக்கொள் என்றார்கள். சனிக்கிழமை மணியடிக்கும்போது உங்கள் வீட்டை உள்ளபடி வெளியே வையுங்கள், அதுதான் வேண்டும் என்றாள்.

கேட்டவர்கள் முகம் மாறியது. அந்த வார்த்தையை இப்படிக் கேட்க யாரும் பயன்படுத்தியதில்லை. ஆனால் வார்த்தை வார்த்தைதான். தபியாங் ஊரில் இருந்த கௌரே என்ற விதவை மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். ஃப்ரீஸர் முதன்முதலில் போய் நின்ற வீடு அவளுடையது.

"மகளே, பாய் கேளு, பானை கேளு. என் பல்செட்டக் கேளு, கழற்றித் தரேன். இதப் போய்க் கேக்கிறியே."

தெரேத்தியா எழுந்திருக்கவில்லை. கௌரே டீ போட்டாள், குடித்தார்கள். பிறகு, "மழை பெஞ்சா என்ன பண்றது?" என்று கிழவி கேட்டாள். அது சம்மதம்.

சனிக்கிழமை மழை பெய்யவில்லை. மணியடித்து முடிந்தபோது லாரி முதல் வீட்டில் நின்றது. பாய் நான்கு, ஒரு சட்டி, ஒரு கெட்டில், பைபிள், மண்வெட்டி, சிம்னி உடைந்த விளக்கு. வாசலில் நின்றவர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுனேமா எதையும் கையால் தொடாமல், மெதுவாகப் பேர் சொல்லி எழுதினாள். ஒரு வீட்டில் ஒரு பாயும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மட்டும் இருந்தன. அந்த வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவற்றின் பக்கத்தில் நேராக நின்றார். சுனேமா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எழுதினாள்.

தையல் மெஷின் தபியாங்கில், கல்யாணமாகி நாலு மாசமான ஒரு ஜோடியின் வாசலில் இருந்தது.

"வா ராசாத்தி, உன்னை எனக்கு நல்லாத் தெரியும்" என்று சுனேமா அதன் பச்சைக் கம்பியைத் தட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வாசலும் சிரித்தது. அதற்குப் பிறகு ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

புவாகோனிகாய்க்குப் போகும் கடைசி ஏற்றத்தில் லாரி இரண்டு தரம் சறுக்கியது. பின்தட்டில் சுனேமா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். மேரேயின் கதை அவளுக்குத் தெரிந்திருந்தது; பிரசவ வலியோடு இந்த வழியாகவா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தெரேத்தியா. கொஞ்ச தூரம் போன பிறகு, கியோவா படிவங்களைக் காட்டச் சொன்னாள் சுனேமா.

"நாப்பது வீட்லயும் படகு இல்லேன்னு எழுதியிருக்கே."

"கேட்டேன். எங்க வீட்ல இல்லேன்னாங்க."

"ஊருக்கு ரெண்டு இருக்கு. ஊருக்குன்னு இருக்கிறது யார் வீட்லயும் இருக்காது. வர்ற மீனையே வீட்டுக்கு வீடு பங்கு வச்சுத்தான் கொடுக்கிறோம்."

"தெரியும் அக்கா. கரையில பார்த்தேன். காய்ச்சல்காரர் ஒருத்தர அதுல ஏத்தினதையும் பார்த்தேன். ஃபாரத்துல ஊருக்குன்னு கட்டமே இல்ல."

"பார்த்துட்டும் ஏன் எழுதல?"

"நான் எழுதினா, படகுக்காக எழுதினான்னு சொல்வாங்க. நீங்க எழுதினாத்தான் அது நிக்கும்."

சுனேமா கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். எழுதுகிறேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் சொல்லவில்லை. கியோவாவின் இரண்டு படகுகளுக்கும் எஞ்சின் பழசு என்பது தெரேத்தியாவுக்குத் தெரியும். புதுப்படகு யாருக்குத்தான் வேண்டாம்?

சவுசவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி லாவேனியா நல்லவள்தான். ஆனால் எண்ணிக்கை என்றால் ஒரு தரம்தான் என்றாள். இரண்டாம் தரம் எண்ணியதை வாங்க விதியில்லை, முதலில் எழுதியதைக் கொடுங்கள், முடிவு மேலே எடுப்பார்கள். தெரேத்தியா ராம்பியின் இரண்டு கட்டையும் மேசையில் வைத்தாள். முதலாவதில் என்ன நடந்தது என்பதை, மெஷினையும் ஃப்ரீஸரையும் லாரியையும் விடாமல் சொன்னாள். தன் அண்ணன் பேரையும் சொன்னாள்.

"விதி வர்ற வரைக்கும் நாங்க இங்கேயே உக்காந்திருக்கோம்" என்று முடித்தாள்.

அப்போது சுனேமா பேனாவை எடுத்தாள். கியோவா கட்டின் முதல் தாளில், கட்டத்துக்கு வெளியே, 'படகு இரண்டு, ஊர்ப்பொது, நோயாளிகளை ஏற்றும்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"உங்க ஊர்ல கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் லாவேனியா.

"இருக்கிற படக இல்லேன்னு சொல்லி இன்னொண்ணு வாங்கிட்டுப் போனா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மீன் பங்கு வைக்கிறது? என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும். அந்த லாரியில நான் ஒரு நாள்தான் போனேன், முதுகு இன்னும் என்னோடதா இல்ல." ராம்பியின் முதல் கட்டைத் தன் பக்கம் இழுத்து, பாதியாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "இதுக்கு என் கையெழுத்து கிடையாது. இப்ப உங்ககிட்ட ஒரு கணக்குதான் இருக்கு."

லாவேனியா மேசையில் மீதியிருந்த கட்டுகளைப் புரட்டினாள். பிறகு முத்திரையை எடுத்தாள்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. படகு ராம்பிக்கு. ஒரு நிபந்தனை இருந்தது: புவாகோனிகாயில் கடல் வற்றியிருக்கும்போதும் படகு கரைக்கு வரும்படி வழி இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஆள் வந்து அளந்து பார்ப்பார். கரைக்கு முன்னால் முழுக்கக் கல். அந்த வழி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

தெரேத்தியா கடிதத்தை மடித்து வைத்தாள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, கடப்பாரையோடு இறங்கினாள். முதல் நாள் தனியாகத்தான் கல் புரட்டினாள். இரண்டாம் நாள் தெபோவா லாரியின் சங்கிலியைக் கொண்டுவந்து, பெரிய கல்லில் மாட்டினான். முதல் வாரம் முடிவதற்குள் முப்பது பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்தார். அளக்க வந்தவர் மூங்கிலை நட்டுப் பார்த்து, இன்னும் ஒரு முழம் ஆழம் வேண்டும் என்றார். அவரைக் கரையில் உட்காரவைத்து இளநீர் கொடுத்துவிட்டு, அன்றே அந்த முழத்தையும் எடுத்தார்கள்.

மேரேக்கு வலி எடுத்தது படகு வந்த ஒன்பதாம் நாள், காலைச் சமையல் நேரத்தில். வாசலிலிருந்து படகு வரை அவள் தானே நடந்து வந்தாள். தெரேத்தியா தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு, ஏறு என்றாள். அக்கரையில் கரோகோ துறையில் வண்டி காத்து நின்றது, மதியத்துக்குள் சவுசவு ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. பிறந்ததும் அழுத அழுகையில், பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்து, யாரைத் திட்டுகிறது இது என்று கேட்டாளாம்.